தழுவலா, தகவமைப்பா?

"காமிக்ஸின் சிறந்த தகவமைப்பு." சூப்பர்ஹீரோ படம் ஒன்று உருவான கதையைச் சொல்லும் காணொலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இயக்குநர் வாயில் அடாப்டேஷன் என்று வந்ததும் கீழே சப்டைட்டிலில் இப்படி ஓடியது. முதல் தடவை என்றால் விட்டிருப்பேன். டிரெய்லர் குறிப்பில், விமர்சனத்தில், ரசிகர் பதிவில் என்று ஒரே வாரத்தில் நாலைந்து இடத்தில் பார்த்தாகிவிட்டது. தகவமைப்பு என்றதும் எனக்கு ஒட்டகம் வருகிறது, கள்ளிச்செடி வருகிறது, வாத்தின் விரலிடைச் சவ்வு வருகிறது. வௌவால்கூட வருகிறது. வௌவால் மனிதன்தான் வரமாட்டேன் என்கிறான்.

பிறப்புக் கதையைச் சட்டென்று முடித்துவிடலாம். லத்தீனில் ஆப்டஸ் என்றால் பொருந்தியது; அதை ஒட்டி வந்த வினை, ஒன்றுக்கு இன்னொன்றைப் பொருத்துவதைக் குறித்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல், துறைக்கு ஒரு பொருளாகக் கிளைத்தது. உயிரியலில், சூழலுக்கு ஏற்ப உயிரினம் தலைமுறை தலைமுறையாக மாறி அமைவது. கலையில், ஒரு படைப்பை வேறொரு வடிவத்துக்குக் கொண்டுபோவது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொள்வது ஆங்கிலத்தின் பாடு. நமக்கு இரண்டு சொல் இருக்கிறது: முன்னதற்குத் தகவமைப்பு, பின்னதற்குத் தழுவல். அகராதியின் முதல் வரியை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவருக்குத்தான் இரண்டும் ஒன்று.

தகவமைப்பு மட்டமான சொல் என்று சொல்ல வரவில்லை. தகவு என்பது "தக்கார் தகவிலர்" என்று குறளில் வரும் அதே தகவு. தகுதி, பொருத்தம். அதோடு அமைப்பைச் சேர்த்தது அருமையான ஆக்கம். பாடநூலில் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. படத்துக்கு அதை ஏன் இழுத்து வர வேண்டும்?

மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் நண்பரிடம் இதைச் சொல்லப்போய் ஒரு மாலைப்பொழுது முழுக்க வாக்குவாதமானது. அவர் கட்சி இது: காகிதத்தில் இருந்த கதை திரைக்கு வரும்போது, திரை என்ற புதுச் சூழலுக்கு ஏற்ப மாறுகிறது; அது தகவமைதல்தானே? தழுவல் என்றால் கட்டிப்பிடிப்பது. அதில் மாற்றம் எங்கே இருக்கிறது? போதாக்குறைக்கு அந்தச் சொல்லில் திருட்டு வாடை வேறு.

முதலில் வேற்றுமை உருபைப் பார்ப்போம். தழுவுவது எதை? ஒன்றை. அந்த ஐ உருபு மூலத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. காமிக்ஸைத் தழுவிய படம். தகவமைவது எதற்கு? பாலைவனத்துக்கு, குளிருக்கு, நீருக்கு. அந்தக் கு உருபு காட்டுவது மூலத்தை இல்லை, போய்ச் சேர்ந்த இடத்தை. ஆகவே "காமிக்ஸின் தகவமைப்பு" என்றால், காமிக்ஸே எதற்கோ ஏற்றபடி உடம்பை மாற்றிக்கொண்டது என்றுதான் தமிழ்க் காதுக்குக் கேட்கும். ஒட்டகத்தின் தகவமைப்பு என்று சொல்வதில்லையா, அதுபோல. இதை நண்பரிடம் சொன்னேன். "அவ்வளவு நுணுக்கமாக யார் பார்க்கிறார்கள்?" என்றார். யாருமே பார்க்காததால்தான் இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

அப்புறம், கள்ளிச்செடி உட்கார்ந்து யோசித்து இலையை முள்ளாக்கிக்கொள்ளவில்லை. படம் எடுக்கிறவர் யோசிக்கிறார். எதை வைப்பது, எதை விடுவது என்று தேர்கிறார், அதற்காகத் திட்டும் வாங்குகிறார். ரசிகர்கள் சண்டை போடுவதே அந்தத் தேர்வைப் பற்றித்தான். தகவமைப்பு என்று எழுதினால் அந்த ஆளே காணாமல் போகிறார்.

இனி, தழுவலில் மாற்றம் எங்கே என்ற கேள்வி. ஏறு தழுவுதலை நினைத்துக்கொள்ளுங்கள். காளை தன் போக்கில் ஓடுகிறது. தழுவுகிறவன் பிடிப்பது திமிலை மட்டும்தான். கொம்பு, வால், கால் நான்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. திமிலை விடக்கூடாது, அவ்வளவுதான். இலக்கணத்திலும் இந்தச் சொல் இருக்கிறது. "சாத்தனும் வந்தான்" என்றால், முன்னமே கொற்றன் வந்தது அந்த உம்மில் அடக்கம். இதற்கு "இறந்தது தழீஇய எச்சவும்மை" என்று பெயர். முன்னால் நடந்ததையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு புதிதாக ஒன்றைச் சொல்வது. ஒரு காமிக்ஸ் படத்துக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

நன்னூல் இன்னும் பச்சையாகச் சொல்கிறது. வழிநூல் எது என்றால், முன்னோர் நூலின் முடிபு ஒருங்கு ஒத்து, "பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி", மரபு அழியாமல் வருவது. முடிபு, அதாவது முடிவான கருத்து, ஒத்திருக்க வேண்டும். விகற்பம், அதாவது வேறுபாடு, பின்னால் வருகிறவன் உரிமை. இணையத்தில் ரசிகர்கள் விடிய விடியப் போடும் சண்டையைப் பவணந்தியார் ஒரு சூத்திரத்தில் தீர்த்துவைத்திருக்கிறார்.

ஸ்பைடர்மேனின் மணிக்கட்டை எடுத்துக்கொள்வோம். 1962இல் வந்த முதல் கதையிலேயே, ஸ்பைடர்மேனாக மாறும் பையன் பீட்டர் பார்க்கர் வலை பாய்ச்சும் கருவியைத் தானே செய்து கையில் கட்டிக்கொள்கிறான். காசில்லாத பையன், ஆனால் மூளைக்காரன் என்பதற்கு அது அடையாளம். சண்டை நடுவில் வலைத் திரவம் தீர்ந்துபோவது காமிக்ஸில் அடிக்கடி வரும் பதற்றம். 2002இல் வந்த படம் கருவியைத் தூக்கிவிட்டு, மணிக்கட்டிலிருந்தே நூல் சுரக்கும்படி வைத்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். நானும்தான். ஆனால் 2004இல் வந்த இரண்டாம் பாகத்தில் பையன் மனசு உடைந்து கிடக்கிறான். அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போதே நூல் நின்றுபோகிறது. கடைசியில் முகமூடியும் உடுப்புமாக லிஃப்டில் ஏறி, பக்கத்தில் நிற்கும் ஆளோடு உடுப்பு அரிக்கிறது என்று பேசியபடி கீழே இறங்குகிறான். திரவம் தீரும் பதற்றத்தின் இடத்தில் மனம் தீர்ந்துபோகும் பதற்றம். சக்தி இருந்தும் அல்லாடும் பையன் என்ற திமிலை படம் விடவே இல்லை. இது விகற்பம்.

மார்வெல் கதைகளின் வில்லன் தானோஸும் அப்படித்தான். 1991இன் காமிக்ஸில் அவன் பாதி உயிர்களை அழிப்பது மரணதேவியின் மனசைப் பிடிக்க. 2018இன் படத்தில் வளம் போதாது என்று கணக்குச் சொல்லி அழிக்கிறான். காதல் போய்க் கணக்கு வந்தாலும், பாதி உயிர்களை அழிக்க அவன் விரலைச் சொடுக்கும் சொடுக்கும் அதன் பிறகு வரும் அமைதியும் அப்படியே இருக்கின்றன.

1989இன் பேட்மேனைப் பற்றி என் கருத்து வேறு. காமிக்ஸில் பேட்மேனாக மாறும் புரூஸின் பெற்றோரைச் சுட்டவன் ஜோ சில் என்ற சாதாரண வழிப்பறிக்காரன். அந்தச் சாதாரணம்தான் கதை: யாரோ ஒருத்தன், ஏதோ ஒரு சந்து. படம் அந்தக் கொலையை பேட்மேனின் பரம எதிரி ஜோக்கர் தலையில் கட்டியது. ஊர் முழுக்க நடக்கும் குற்றத்தோடு இருந்த பகை, ஒருத்தனோடு இருக்கும் சொந்தப் பழியாகச் சுருங்கிவிட்டது. படம் எனக்குப் பிடிக்கும். இருந்தாலும் அந்த இடத்தில் தழுவல் வழுவிவிட்டது. தழுவியது, வழுவியது என்று இவ்வளவு இலகுவாகத் தமிழில் விமர்சிக்கலாம். தகவமைப்பை வைத்துக்கொண்டு என்ன சொல்வீர்கள், தகவமையாமை என்றா?

திருட்டு வாடை பற்றி. உண்மைதான். மூலத்தைச் சொல்லாமல் கதையை உருவிவிட்டு, மாட்டிக்கொண்டதும் "தழுவல்தான்" என்று சமாளித்தவர்கள் ஏற்றிவிட்ட வாடை அது. அந்த வேலைக்குச் சுடுதல் என்று தெளிவான சொல் இருக்கிறது. அவர்கள் செய்த தப்புக்கு ஒரு நல்ல சொல்லை நாடு கடத்துவானேன்? அதுவும் சூப்பர்ஹீரோ படத்தில் மூலத்தை யாரும் மறைப்பதே இல்லை. மார்வெல் படங்களின் தொடக்கத்தில் வரும் நிறுவனச் சின்னத்தில் காமிக்ஸ் பக்கங்களே புரண்டன. சொல்லப்போனால் மறைப்பு நடந்தது மூலத்தில். 1939இல் பேட்மேனை உருவாக்கியதில் பெரும்பங்கு எழுத்தாளர் பில் ஃபிங்கருக்கு உண்டு. படைத்தவர் என்று அவர் பெயர் ஒரு பேட்மேன் படத்தில் முதன்முதலாக வந்தது 2016இல். அதற்குள் அவர் இறந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

தழுவலில் இன்னொரு வசதியும் உண்டு: தழுவப்பட்டவர் திரும்பத் தழுவலாம். சூப்பர்மேனின் பலத்தைப் பறிக்கும் கல்லான கிரிப்டோனைட் சூப்பர்மேன் காமிக்ஸில் பிறந்ததில்லை. 1943இல் வானொலித் தொடரில் வந்து, 1949இல்தான் காமிக்ஸுக்குப் போனது. ஜோக்கரின் கூட்டாளி ஹார்லி குவின் 1992இல் பேட்மேன் கார்ட்டூன் தொடரில் பிறந்து பிறகு காமிக்ஸில் குடியேறியவள். ஒட்டகத்தைப் பார்த்துப் பாலைவனம் மாறிக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கோபம் இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. காமிக் புத்தகத்தை "நகைச்சுவைப் புத்தகம்" என்று எழுதுகிறார்கள். பெற்றோர் சுடப்பட்ட சந்தில் என்ன நகைச்சுவை? படக்கதை, சித்திரக்கதை என்ற சொற்களெல்லாம் எங்கே போயின? காமிக்ஸ் என்றே எழுதினாலும் எனக்குச் சம்மதம். "விசுவாசமான தழுவல்" என்கிறார்கள். விசுவாசம் ஆளிடம் காட்டுவது, கதையை ஒட்டித்தான் போக முடியும். மூலத்தை ஒட்டிய படம் என்றால் முடிந்தது. சூப்பர்ஹீரோவுக்கு மீநாயகன் என்ற ஆக்கத்தோடு எனக்குப் பகை இல்லை, ஆனால் அப்படிச் சொல்லி ஒரு சிறுவனைக்கூட நான் கேட்டதில்லை. தனித்தமிழ் வேண்டும் என்பவரோடு உட்கார்ந்து பேசலாம். இருக்கிற தமிழ்ச் சொல்லை மறந்துவிட்டு இன்னொரு தமிழ்ச் சொல்லைத் தப்பான இடத்தில் மாட்டுகிறவரோடு என்ன பேசுவது?

ஆகவே படத்தைத் திரைத்தழுவல் என்றும், திரைக்கதையைத் தழுவல் திரைக்கதை என்றும், வினையைத் தழுவி எடுத்தல் என்றும் எழுதுகிறேன். நண்பர் இன்னும் இறங்கி வரவில்லை. 2021இல் வந்த ஸ்பைடர்மேன் படத்தை இருவரும் சேர்ந்து மறுபடி பார்த்தோம். மூன்று பீட்டர்கள் ஒன்றாக நிற்கிறார்கள். கருவி கட்டிய இருவரும், 2002இன் பீட்டரின் மணிக்கட்டிலிருந்து நூல் தானாக வருவதை அறிந்து வாய் பிளக்கிறார்கள். அந்த இடத்தில் மட்டும் தகவமைப்பு என்று சப்டைட்டில் ஓடியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். நூல் சுரக்கும் கை நிஜமாகவே தகவமைப்புதான்.