ஆட்களுக்கு வேண்டாம், தரைக்கு மின்விசிறி வேண்டும்

மலையகத்தில் திருமண மண்டபம் பேசப் போகிறவர்கள் என்னவெல்லாம் கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். எத்தனை கதிரை, ஜெனரேட்டர் உண்டா, பஸ் திருப்ப இடமுண்டா, சமையற்கட்டில் எத்தனை அடுப்பு. தரையைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. பளபளவென்று இருந்தால் நல்ல மண்டபம் என்று முடிவுகட்டி முற்பணம் கொடுத்துவிடுகிறார்கள். மண்டபங்களின் துப்புரவைப் பொறுப்பெடுத்துச் செய்கிற எனக்கோ அந்தப் பளபளப்பைக் கண்டால்தான் முதலில் பயம் வருகிறது.

கொழும்பிலோ மட்டக்களப்பிலோ காலையில் கழுவிய தரை வெயில் ஏற ஏற உலர்ந்துவிடும். கதவைத் திறந்து விட்டால் மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரி 16 பாகை செல்சியஸ் அளவிலான குளிரில் இருக்கிறது. ஹட்டனும் பண்டாரவளையும் 1,200 மீற்றருக்கு மேல். இங்கே கதவைத் திறந்தால் பல நாட்களில் உள்ளே வருவது பனிமூட்டம். குளிருக்குப் பயந்து சாத்தி வைத்தால், கழுவிய தண்ணீர் போக வழியின்றிப் பாதி தரையிலும் பாதி காற்றிலுமாகத் தங்கிவிடுகிறது.

அதற்குள் விருந்தினர் வந்துவிடுகிறார்கள். ஐந்நூறு பேர் மூச்சு விடுகிறார்கள். நனைந்த குடைகளும் சால்வைகளும் மண்டபத்துக்குள்ளேயே உலர்கின்றன. பின்கட்டில் சோற்று அண்டாக்கள் ஆவி விடுகின்றன. காற்று 20 பாகைக்குச் சூடேறி அதன் ஈரப்பதன் நூற்றுக்கு எண்பதைத் தொட்டால், 16 பாகையில் இருக்கும் எந்தப் பரப்பிலும் அது நீராகப் படியத் தொடங்கும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த டைல்ஸ் தரை பெரும்பாலும் அதைவிடக் குளிராகவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் வாசலிலிருந்து மணவறை வரை விரிந்துவிடுகிறது. யாரும் தண்ணீர் கொட்டவில்லை, கூரையும் ஒழுகவில்லை, ஆனாலும் தாலி கட்டும் நேரம் பார்த்து ஒரு பாட்டி சறுக்கி விழுகிறார். உடனே பரிமாறுகிற பையன்களுக்குத் திட்டு விழுகிறது. அந்தப் பிள்ளைகள் பாவம். விழுந்த பாட்டியின் நிலைமை அதைவிட மோசம்: வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தால் அறுவைச் சிகிச்சை, பல மாதப் படுக்கை. சிலர் பழையபடி நடப்பதேயில்லை.

இதற்கு நான் எல்லா மண்டபக்காரர்களிடமும் முதலில் கேட்பது மின்விசிறி. கேட்டவுடன் சிரிக்கிறார்கள். "இந்தக் குளிரில் மின்விசிறியா ஐயா?" ஆட்களுக்கு வேண்டாம்தான். துடைத்து முடித்த தரையின்மேல் தாழ்வாகக் காற்றை ஓட்டுவதற்கு, நிற்கும் மின்விசிறி நான்கு இருந்தால் போதும். கூரையோரத்தில் காற்றுப்போக்கிகள் இருந்தால் அவற்றைக் கூட்டம் வருவதற்கு முன்பே திறந்துவிட வேண்டும். எல்லோரும் வியர்த்துப்போன பிறகு திறப்பதில் பயனில்லை. மின்கம்பிகளை ஈரத்தில் இழுக்காமல் சுவரோரமாகக் கொண்டுபோக வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பேன், ஆனால் இசைக்குழுவினர் போட்டு வைக்கும் கம்பிகளைப் பார்த்தால் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

குளிர்நாட்டுக்கே உரிய இன்னொரு வில்லங்கம் காலுறை. மணவறை அருகே செருப்பைக் கழற்றுகிறோம், காலுறையை விட்டுவிடுகிறோம். மினுக்கிய டைல்ஸில் அதைவிட வழுக்குவது எதுவுமில்லை. சிறுவர்கள் முதல் ஐந்து நிமிடத்திலேயே அதைக் கண்டுபிடித்துச் சறுக்கி விளையாடத் தொடங்கிவிடுவார்கள். அவர்களைப் பார்த்தாவது பெரியவர்கள் எச்சரிக்கையாக வேண்டும். மேடைப் படியிலும் மணவறையைச் சுற்றியும் சொரசொரப்பான விரிப்பை ஓரம் கிளம்பாமல் ஒட்டிப் போடுங்கள். புதிதாக மண்டபம் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: டைல்ஸ் வாங்கும்போது அதன் விபரத்தாளில் ஆர் 9 முதல் ஆர் 13 வரை ஓர் இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இலக்கம் கூடக் கூட வழுக்கல் குறைவு. மண்டபத்துக்குள் ஆர் 10, வாசலுக்கும் கைகழுவும் இடத்துக்கும் சமையற்கட்டுக்கும் ஆர் 11 அல்லது அதற்கு மேல் என்பது என் யோசனை. கடைக்காரர் கண்ணாடி மாதிரி மின்னுவதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்.

இனி, கழுவும் முறை. ஹட்டன் பக்கத்து மண்டபம் ஒன்றில் நீண்டகாலம் வேலை செய்யும் அக்கா ஒருவர் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றித் தும்புத்தடியால் தள்ளிக்கொண்டிருந்தார். முதலில் கூட்டினால் பாதி வேலை குறையுமே அக்கா என்றேன். "எனக்குத் தெரியாதா தம்பி? தண்ணீர் ஓடாவிட்டால் நான் கழுவவில்லை என்று முதலாளி சொல்லுவார்" என்றார். பிரச்சினை முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது. வேலை செய்கிறவருக்கு விஷயம் தெரியும். மேற்பார்க்கிறவர்தான் ஓடும் தண்ணீரை வைத்து உழைப்பை அளக்கிறார்.

மலையக மண்டபத்துக்குள் வரும் அழுக்கில் பெரும்பகுதி செம்மண். உலர்ந்திருக்கும்போது அது வெறும் தூள், அகலமான உலர் துடைப்பானை ஒரே திசையில் தள்ளிக்கொண்டு போனால் வந்துவிடும். தண்ணீர் பட்ட நிமிடத்தில் சேறாகி டைல்ஸ் இடுக்குகளில் இறங்கிவிடுகிறது. அதன் நிறம் இரும்பிலிருந்து வருவது; வெண்மையாக்கும் குளோரின் திரவத்தை ஊற்றி இரும்புக்கறையைப் போக்க முடியாது, அது இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். மண்ணில் கலந்திருக்கும் மணற்பொடி காலுக்கும் தரைக்கும் நடுவில் அரைபட்டு மினுக்கத்தைத் தின்றுவிடுகிறது. ஆகவே தண்ணீரை எடுப்பதற்கு முன் இரண்டு முறை உலர்வாகக் கூட்டுங்கள். பழைய சிவப்புச் சீமெந்துத் தரையாக இருந்தால் பிழிந்த தேயிலைச் சக்கையைத் தூவிக் கூட்டலாம், தூசி எழாது. சக்கைக்கு நம் நாட்டில் பஞ்சமா? வெள்ளை டைல்ஸில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், கறை பிடிக்கும்.

மண்ணை வாசலிலேயே நிறுத்துவது அதைவிட மலிவு. வாசலில் ஒரு சாக்கை விரித்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பது நம் வழக்கம். தூறல் நாளில் அரைமணி நேரத்தில் அந்தச் சாக்கே சேற்று மெத்தையாகி, சுத்தமான காலையும் அழுக்காக்கும். வெளியே மண்ணைச் சுரண்டும் தும்புக் கால்மிதி, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் துணி விரிப்பு, இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு காலும் மூன்று நான்கு முறை படும் நீளத்தில் இருக்க வேண்டும். மாற்றுவதற்கு இன்னொரு சோடி உள்ளே உலர்ந்து இருக்க வேண்டும். அடியில் ரப்பர் உள்ள விரிப்பை நிகழ்ச்சி முடிந்ததும் எடுத்துவிடுங்கள், ஈரத்தோடு நாட்கணக்கில் கிடந்தால் தரையின் நிறம் மாறும்.

துடைக்கும்போது இரண்டு வாளி. ஒன்றில் சவர்க்கார நீர், மற்றதில் மொப்பை அலசும் வெறும் நீர். ஒரே வாளியில் முக்கி முக்கித் துடைப்பது அழுக்கை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கொண்டுபோகும் வேலை. சவர்க்காரத்தைப் போத்தலிலிருந்து கண்மட்டத்தில் ஊற்றாமல் மூடியால் அளந்து ஊற்றுங்கள். நுரை அதிகமானால் சுத்தம் அதிகம் என்று நினைக்கிறோம். அலசப்படாமல் தங்கும் சவர்க்காரம் தரையில் படலமாகி, ஈரம் பட்டவுடன் வழுக்கும், அடுத்த நாள் தூசியையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் உலர்ந்த தரையில் ஒரு கை நல்ல தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். நுரைத்தால் இன்னும் ஒரு தடவை வெறும் நீரில் துடைக்க வேண்டும்.

நம் வைபவங்கள் விட்டுச்செல்லும் கறைகளுக்கு வெளிநாட்டுக் கையேடுகளில் பதில் இருக்காது. தேங்காயெண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். அது சுமார் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். குத்துவிளக்கிலிருந்து சிந்தியது நுவரெலியாத் தரையில் வெள்ளைப் படையாக இறுகிக் கிடக்கும். குளிர்ந்த தண்ணீரும் சவர்க்காரமும் போட்டால் அதை மண்டபம் முழுவதும் மெழுகிவிடுவோம், அவ்வளவுதான். முதலில் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி எடுத்துவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் சவர்க்கார நீரை ஊற்றி ஐந்து பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். சிந்திய நெய்க்கும் இதே வைத்தியம். மெழுகுதிரி மெழுகு விஷயத்தில் குளிர் நமக்கு உதவி செய்கிறது, சுரண்டினாலே உரிந்து வரும்.

மஞ்சள் வேறு சங்கதி. சவர்க்காரம் பட்டதும் மஞ்சட்கறை செந்நிறமாக மாறும். பார்த்துப் பதறி இன்னும் சவர்க்காரம் போடுவார்கள். மஞ்சளில் உள்ள நிறமி காரத்தில் சிவக்கும், வெயிலில் வெளிறும். உலர்ந்த தூளை உலர்வாகவே எடுத்துவிடுவதுதான் பாதி வெற்றி. எலுமிச்சம்பழம் வெட்டிக் குங்குமம் தடவி வைக்கிற இடத்தில் ஒரு வாழையிலைத் துண்டைப் போடுங்கள். மாபிளையும், மாபிள் சில்லுகளைச் சீமெந்தில் பதித்து மினுக்கிய டெராசோவையும் எலுமிச்சைச் சாறு அரித்து மங்கலான வட்டம் போட்டுவிடும். அதைத் துடைத்து எடுக்க முடியாது, மெஷின் வைத்துத் தேய்த்து மினுக்கினால்தான் போகும். இதே காரணத்தால் டெராசோவிலும் சிவப்புச் சீமெந்திலும் அமிலத் திரவம் எதுவும் படக்கூடாது. பழைய கிளப்புகளில் மிஞ்சியிருக்கும் பலகைத் தரையில் தண்ணீரே ஊற்றக்கூடாது. இறுகப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து உடனே உலர்த்த வேண்டும்.

அமிலம் என்றதும் இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். கறை போகவில்லை என்றால் கழிவறைக்கு வாங்கிய அமிலத் திரவத்தையும் குளோரின் திரவத்தையும் ஒரே வாளியில் கலக்கும் பழக்கம் பல மண்டபங்களில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். அமோனியா உள்ள திரவத்தோடு குளோரின் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். சமவெளியில் திறந்த ஜன்னல்கள் கொஞ்சமாவது காப்பாற்றும். நம் பக்கம் குளிருக்காக எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு, பெண்கள் குனிந்து உட்கார்ந்து தேய்க்கிறார்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோரமாகத்தான் தங்கும், அவர்கள் முகம் இருக்கும் உயரத்தில். கண் எரிச்சல், இருமல், நெஞ்சு இறுக்கம் வந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அதை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வாருங்கள். மூச்சுத் திணறினால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். சிறிது நேரத்தில் சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பாமல் வைத்தியசாலையில் காட்டுங்கள், நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம். குளோரின் திரவத்தைச் சுடுநீரில் கலப்பதும் கூடாது. குடிபானப் போத்தல்களில் இவற்றை ஊற்றி வைக்கும் முதலாளிகளுக்கு நான் மரியாதையாகச் சொல்வதற்கு எதுவுமில்லை. கையுறையும் ரப்பர் சப்பாத்தும் வாங்கிக் கொடுங்கள். வாளியில் மிஞ்சியதை ஓடையில் கவிழ்க்க வேண்டாம். மஸ்கெலியாப் பக்கத்துத் தண்ணீர் களனி கங்கைக்கும், தலவாக்கலைப் பக்கத்துத் தண்ணீர் மகாவலிக்கும் போகிறது.

பெரிய பராமரிப்புக்கு எப்போது நேரம் கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு, நம் நாட்காட்டியே இரண்டு மாதம் ஒதுக்கித் தந்திருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் இந்துத் திருமணங்கள் இல்லை. எல்லா ஊருக்கும் எல்லா மாதமும் பொருந்தாது என்பதுதான் சிக்கல். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் ஆடி என்பது தென்மேல் பருவமழையின் நடுப்பகுதி. அப்போது இடுக்குகளைத் தோண்டிச் சாந்து பூசினாலும் மேற்பூச்சு அடித்தாலும் உலராது. அவர்கள் மார்கழியின் பின்பாதியை, ஜனவரி தொடக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் நேர்மாறு. டிசம்பரில் வடகீழ் மழை அவர்களுக்கு. ஜூலை, ஆகஸ்டில் காய்ந்த காற்று வீசும், ஊவாத் தேயிலைக்கு நல்ல மணம் வரும் காலம், தரை வேலைக்கும் அதுவே தோதான காலம்.

பூச்சு டின்னில் எழுதியிருக்கும் உலரும் நேரம் பெரும்பாலும் இருபது இருபத்தைந்து பாகை வெப்பத்தை வைத்துச் சொல்லப்பட்டது. பல பூச்சுகளைப் பத்துப் பாகைக்குக் கீழே அடிக்கவே கூடாது, நுவரெலியாவில் ஜனவரி இரவு அதற்கும் கீழே இறங்கும். ஆகவே முற்பகல் பத்து மணிக்குத் தொடங்கி மாலை மூன்றுக்குள் முடியுங்கள், எழுதியிருப்பதைவிட ஒரு நாளாவது கூடுதலாகக் கதிரை ஏற்றாமல் வையுங்கள். தையின் முதல் முகூர்த்தத்துக்கு ஏற்கனவே முற்பணம் வாங்கியவர்களுக்கு இது கசக்கும். ஒக்டோபரிலேயே பராமரிப்புக்கான வாரத்தை முன்பதிவுப் புத்தகத்தில் அடித்து வைத்துவிடுங்கள்.