பயிற்சித் தளத்தில் நன்றாகப் பறக்கும் பந்து, திடலில் ஏன் பறப்பதில்லை?

கோலாலம்பூரில் கோல்ஃப் பயிற்றுநராக இருக்கும் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "கோச், ரேஞ்சில் (பயிற்சித் தளத்தில்) எல்லாம் சரியாகப் போகிறது, சனிக்கிழமை திடலில் இறங்கினால் கை ஓடவே மாட்டேன் என்கிறது." இதைக் கேட்டவுடன் மட்டையை வீசும் ஸ்விங்கில்தான் கோளாறு என்று அவர்களே தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள், சிலர் அடுத்த மாதமே நெடுந்தூர அடிக்கான மட்டையான டிரைவரைப் புதிதாக வாங்கிவிடுகிறார்கள். நான் பார்த்த வரையில், ஸ்விங் இரண்டு இடங்களிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. திடலில் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, ரேஞ்சில் அப்படி எதுவும் தேவைப்படுவதில்லை என்பதே உண்மையான வேறுபாடு.

வேலை முடிந்து மாலையில் ரேஞ்சுக்கு வருபவர் ஒரு கூடைப் பந்தை எடுத்துக்கொண்டு, ஏழாம் எண் அயர்ன் மட்டையால் ஒரே திசையில் முப்பது நாற்பது பந்துகளை விடாமல் அடிக்கிறார். பத்தாவது பந்துக்குள் உடல் தன்னைச் சரிசெய்துகொள்வதால், முன்னேறிவிட்டோம் என்ற நிறைவு வந்துவிடுகிறது. திடலிலோ டிரைவரால் ஒரு பந்தை அடித்துவிட்டுச் சில நிமிடங்கள் பகி என்ற சிறு வண்டியில் போய், சரிவில் கிடக்கும் பந்தை அயர்னால் அடித்து, பிறகு குறுகிய தூரத்துக்கான வெட்ஜ் மட்டையை எடுக்க வேண்டும். ஒரே அடியை உடனே திருத்தி அடிக்கும் வாய்ப்பு அங்கே யாருக்கும் கிடையாது. 1979இல் ஜான் ஷே, ராபின் மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் கையசைவுப் பணிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரே அசைவைத் தொடர்ந்து செய்தவர்கள் பயிற்சியின்போது சிறப்பாகச் செய்தார்கள். அசைவுகளை மாற்றி மாற்றிச் செய்தவர்கள் அப்போது தடுமாறினாலும், பின்னர் நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒவ்வொரு முறையும் மூளை திட்டத்தைப் புதிதாக அமைக்க வேண்டியிருந்ததே இதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கங்களில் ஒன்று.

ரேஞ்சில் விரித்திருக்கும் செயற்கைப் பாயும் நம்மை ஏமாற்றுகிறது. பந்துக்குச் சற்றுப் பின்னால் தரையை அடித்தாலும் மட்டை பாயில் வழுக்கி முன்னே சென்றுவிடும். பந்தும் ஓரளவு பறந்துவிடும். நம் நாட்டுத் திடல்கள் பலவற்றில் இருக்கும் கௌ கிராஸ் என்ற அகன்ற இலைப் புல்லில், அதுவும் முந்தின நாள் மழையில் நனைந்த தரையில், அதே அடி பத்து மீட்டர்கூடப் போகாது.

ஆகவே ரேஞ்சிலேயே ஒரு திடலை ஆடச் சொல்கிறேன். உங்களுக்குப் பழக்கமான முதல் குழியை மனத்தில் நிறுத்தி, தூரத்தில் தெரியும் இரண்டு கம்பங்களை, பந்து விழ வேண்டிய புல்வெளிப் பாதையான ஃபேர்வேயின் எல்லைகளாக வைத்து டிரைவரால் ஒரே ஒரு பந்தை அடியுங்கள். அது வலப்பக்கம் ஒதுங்கினால், உண்மையில் எங்கே விழுந்திருக்கும், அங்கிருந்து எந்த மட்டை தேவைப்படும் என்று முடிவுசெய்து அடுத்ததை அடியுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் முன் பாயைவிட்டு இறங்கிப் பின்னால் நின்று இலக்கைப் பாருங்கள். இப்படி அடித்தால் பாதிக் கூடைக்கே களைத்துவிடுவீர்கள்; அது நல்ல அறிகுறி. புதிதாக ஆடத் தொடங்கியவருக்கும், பிடியை மாற்றிக்கொண்டிருப்பவருக்கும் மட்டும் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கும் பயிற்சி சிறிது காலம் தேவைதான்.

பந்தைத் தரையில் உருட்டிக் குழிக்குள் தள்ளும் பட்டிங்கை ஏனோ யாரும் பயிற்சியாகவே கருதுவதில்லை. பார் 72 திடலின், அதாவது 72 அடிகளில் முடிக்க வேண்டும் என்று வகுத்த திடலின், கணக்கில் 36 அடிகள், அதாவது சரிபாதி, குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையான கிரீனுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ் 1992இல் வெளியிட்ட ஆய்வில், திறமையானவர்களின் பார்வை அடிப்பதற்கு முன் பந்தின் மீது அசையாமல் நீண்ட நேரம் நிலைத்திருந்ததும், மற்றவர்களின் கண் அங்குமிங்கும் தாவியதும் தெரியவந்தன. பந்தின் ஒரே புள்ளியில் இரண்டு நொடிகள் பார்வையை நிறுத்திவிட்டு அடித்துப் பழகுங்கள். அடித்த பிறகும் உடனே தலையைத் தூக்காதீர்கள். எட்டடித் தூரத்திலிருந்து உலகின் முன்னணித் தொழில்முறை ஆட்டக்காரர்களே ஏறத்தாழ பாதி முறைதான் பந்தைக் குழிக்குள் தள்ளுகிறார்கள் என்பதை அறிந்தவருக்கு, அதே தூரத்தில் தவறவிட்டதற்காகப் பட்டர் மட்டையைத் தரையில் ஓங்கித் தட்டத் தோன்றாது.

மனத்தை ஒருமுகப்படுத்துவது என்றவுடன், ஆட்டம் முடியும்வரை இறுக்கமாக இருக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2019இல் திருத்தப்பட்ட விதிகள் ஒரு அடிக்கு 40 நொடிகளுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று பரிந்துரைக்கின்றன. நீங்கள் 90 அடிகளில் முடிப்பவரானால், நாலரை மணி நேர ஆட்டத்தில் கவனம் தேவைப்படுவது மொத்தம் ஒரு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் பேசலாம், சிரிக்கலாம், மரத்தைப் பார்க்கலாம். கைப்பேசியில் அலுவலகச் செய்திகளை மட்டும் பார்க்க வேண்டாம். பந்தை நெருங்கியதும் தூரம், காற்று, பந்து கிடக்கும் நிலை ஆகியவற்றைப் பந்துக்குப் பின்னால் நின்றே முடிவுசெய்யுங்கள். பந்துக்கு அருகில் வந்த பிறகு யோசனை கூடாது. ஐயம் எழுந்தால் விலகி வந்து மறுபடி தொடங்குங்கள். அடிக்கும் கணத்தில் கைகளின் அசைவை நினைப்பதைவிட மட்டையின் அசைவை நினைப்பது பயன் தரும் என்பதை கேப்ரியல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1999இல் கோல்ஃப் அடிகளை வைத்தே காட்டியிருக்கிறார்கள்.

நம் வெயிலில், புழுக்கத்தில், கவனம் சிதறுவதற்கு மனம் மட்டுமே காரணமன்று. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். இடி எச்சரிக்கைச் சங்கு ஒலித்து ஆட்டம் நின்றால், மீண்டும் தொடங்கும்போது உடலைச் சூடேற்றாமல் டிரைவரை எடுக்காதீர்கள்.

என் மாணவர்களை, மதிப்பெண் அட்டையில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு குறிப்பும் எழுதச் சொல்கிறேன்: முடிவெடுத்த பிறகு அடித்த ஒவ்வோர் அடிக்கும் ஒரு புள்ளி. பந்து எங்கே போனது என்பது இதில் சேராது. சில ஆட்டங்களுக்குப் பிறகு அட்டைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், புள்ளிகள் எங்கே குறைகின்றன என்பது தெரிந்துவிடும். கடைசி மூன்று குழிகளில் குறைந்தால் தண்ணீரையும் உணவையும் கவனிக்க வேண்டும்; தண்ணீரில் பந்தை விட்ட குழிக்கு அடுத்த குழியில் குறைந்தால், கோபத்தை எந்த இடம்வரை சுமக்கலாம் என்று ஓர் எல்லை வைத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லும் எல்லை, அடுத்த குழியின் தொடக்க இடமான டீயில் பையிலிருந்து மட்டையை உருவும் வரை.