ஹியரா, ஹியரிங்கா?

வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுப்பது என் தொழில், நாகர்கோவிலில். நேற்று ஆறு கடிதம் திருத்தினேன். தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம் என்று ஊர் வேறு, ஆள் வேறு. கடைசி வரி மட்டும் ஆறிலும் ஒன்றே: ‘லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம் யூ’, அதாவது உங்கள் பதிலை ஆவலோடு எதிர்பார்க்கிறேன் என்று. பொறுமை போய்விட்டது.

அது தப்பு. ‘டு ஹியரிங்’ என்றுதான் வரவேண்டும்.

திருத்திக் கொடுத்தால் ஒரு பிள்ளை கேட்கிறாள்: “பதிலு இனிமேத்தானே சார் வரும்? இப்பமா கேட்டுட்டு இருக்கேன்?” இந்த எண்ணத்தோடுதான் வருடக்கணக்கில் மல்லுக்கட்டுகிறேன். ‘இங்’ என்று கண்டாலே ‘கொண்டிருக்கிறேன்’ என்று பள்ளிக்கூடத்திலேயே பதிந்துவிட்டது. மக்ளே, எல்லா ‘இங்’கும் நிகழ்காலம் இல்லை. ‘ஸ்விம்மிங் இஸ் குட்’ என்றால் யாரோ இப்போது நீந்திக்கொண்டிருக்கிறார் என்றா பொருள்? நீந்துதல் நல்லது, அவ்வளவே. ஹியரிங் என்பதும் அப்படித்தான், கேட்டல். ‘தல்’ விகுதி சேர்த்து நாம் வினையைப் பெயராக்குகிறோமே, அந்த வேலையைத்தான் இங்கே ‘இங்’ செய்கிறது. தொழிற்பெயர் காலம் காட்டாது என்று ஒன்பதாம் வகுப்பிலோ பத்திலோ படித்திருப்பீர்கள். அடுத்த மாதம் வரப்போகிற பதிலுக்கும் ஹியரிங்தான்.

பெயர் ஏன் வேண்டும் என்றால், அந்த ‘டு’ நம்முடைய ‘கு’ உருபைப் போன்றது. உருபு பெயரோடுதான் ஒட்டும். ‘வருவதற்கு’ என்போம், ‘வாவுக்கு’ என்று யாரும் சொல்வதில்லை.

‘ஹோப் டு ஹியர்’ சரிதானே என்பீர்கள். சரிதான். அங்கே ‘டு’ ஹியரின் சொந்தம். இங்கே லுக்கிங் ஃபார்வர்டின் சொந்தம். சந்தேகம் வந்தால் ‘டு’வுக்குப் பின் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்டு டு இட்’ நிற்கும், ‘ஹோப் டு இட்’ நிற்காது. நின்றால் ‘இங்’ போடுங்கள்.

‘டு’வை விட்டுவிட்டு ‘ஃபார்’ போடாதீர்கள். முன்பின் தெரியாத அதிகாரிக்கு என்றால் ‘ஐ லுக் ஃபார்வர்டு டு’ என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். எழுவாய் இல்லாமல் தொடங்குவது பழகியவர்களுக்கான மின்னஞ்சலோடு நிற்கட்டும். காய்ச்சலுக்கு லீவு கேட்கும் கடிதத்தில் இந்த வரியே வேண்டாம்.

வெளிநாடு போக ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வை எழுதும் நர்ஸ் பிள்ளைகளுக்கு இதைக் கூடுதலாகச் சொல்கிறேன். கடிதத்துக்குக் கிடைப்பது 45 நிமிடம், அதிலும் முதல் 5 நிமிடம் படிக்க மட்டுமே. மதிப்பிடும் ஆறு அளவுகோல்களில் மொழியும் ஒன்று. அந்த அவசரத்தில் யோசிக்க நேரமிருக்காது, கை தானாக எழுத வேண்டும். இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

நேற்றைய ஆறில் நான்கு, ஜெராக்ஸ் கடையில் அடித்துக் கொடுத்தவை. கடை அண்ணாச்சிமாரே, உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் மாதிரிக் கடிதத்தைப் பார்த்துத்தான் இந்தப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். தயவுசெய்து இன்றைக்கே அதைத் திறந்து அந்த ஒரு சொல்லை மாற்றிவிடுங்கள்.