டி செல்லின் கண்ணில் படும் துண்டு

சாகஸ் நோய் தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அது தொற்றியதே தெரியாது. பிரேசில் மருத்துவர் கார்லோஸ் சாகஸ் 1909இல் கண்டறிந்த இந்த நோய்க்குக் காரணம், டிரிபனோசோமா க்ரூசி என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. இரத்தம் உறிஞ்சும் ஒருவகைப் பூச்சியின் எச்சம் வழியாக உடலுக்குள் வந்து, தசைச் செல்களுக்குள் புகுந்து, பல்லாண்டுக் காலம் அங்கேயே குடியிருக்கும். தொற்றியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பின்னாளில் இதயம் பழுதாகிறது. மற்றவர்களின் உடலில் அது ஒழிந்துவிடுவதில்லை, அடங்கிக் கிடக்கிறது. அடக்கி வைப்பதில் பெரும்பங்கு டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்களுக்கு உண்டு. அவை ஒட்டுண்ணியிடம் எதைக் கண்டு பாய்கின்றன என்று கண்டுபிடிப்பது, கேட்பதற்கு எளிதாக இருக்கிறது.

டி செல்லுக்கு முழுப் புரதம் கண்ணில் படாது. தொற்று கண்ட செல், தனக்குள் இருக்கும் புரதங்களை நறுக்கி, 8 முதல் 10 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துண்டுகளாக மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். ஏந்துகிற தட்டுதான் எச்எல்ஏ மூலக்கூறு. அந்தத் தட்டையும் துண்டையும் சேர்த்துப் பார்த்தே கொல்லும் டி செல் முடிவெடுக்கிறது. எச்எல்ஏ ஆளுக்கு ஆள் வேறுபடும். இந்தத் தட்டில் உட்காரும் துண்டு அந்தத் தட்டில் உட்காராது. ஆகவே ஒருவரிடம் கண்டுபிடித்த இலக்கு, அடுத்தவரிடம் இல்லாமலே போகலாம்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். இந்த ஒட்டுண்ணியின் மரபணுக்கள் சுமார் 12,000. ஒரு புரதத்துக்கு 500 அமினோ அமிலங்கள் என்று வைத்துக்கொண்டு, எந்தச் சிறு துண்டும் விடுபடாதபடி 15 அமினோ அமில நீளமுள்ள துண்டுகளை ஐந்தைந்தாக நகர்த்தி வெட்டினால், புரதத்துக்கு நூறு துண்டுகள் தேறும். மொத்தம் 12 லட்சம். நோயாளியிடம் 50 மில்லிலிட்டர் இரத்தம் எடுத்தால் சோதனைக்கு உதவும் செல்கள் ஏறக்குறைய ஐந்து கோடி கிடைக்கும். சோதனைப் பலகையின் ஒரு குழிக்கு இரண்டு லட்சம் செல்கள் வேண்டும் என்றால் 250 குழிகளோடு இரத்தம் தீர்ந்துவிடும்.

அதனால் துண்டுகளைக் கூட்டம் கூட்டமாகக் கலந்து ஒரே குழியில் இடுகிறார்கள். உள்ளே எந்த டி செல்லாவது தன் இலக்கைக் கண்டால் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கும். சுரந்த இடத்தில் ஒரு புள்ளி விழும். புள்ளி விழுந்த கலவையை மட்டும் பிரித்துப் பிரித்துச் சோதித்தால் துண்டு பிடிபடும். எந்தத் துண்டு எந்தத் தட்டில் உட்காரும் என்று கணிக்கும் மென்பொருள்கள் பட்டியலை முன்கூட்டியே சுருக்கித் தருகின்றன.

நாட்பட்ட தொற்றில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. ஆண்டுக்கணக்கில் அதே எதிரியோடு போராடிய டி செல்கள் களைத்துப்போகின்றன. இலக்கைக் கண்டாலும் சில செல்கள் இன்டர்ஃபெரான் சுரப்பதில்லை; புள்ளி விழாததால் இலக்கே இல்லை என்று தோன்றும். இதற்காக, தூண்டப்பட்ட செல்லின் மேற்பரப்பில் முளைக்கும் சிடி137 போன்ற அடையாளங்களைத் தேடுகிறார்கள். துண்டுகளோடு இரண்டு வாரம் வளர்த்துப் பெருக்கிப் பார்ப்பதும் உண்டு. ஆனால் எது நன்றாக வளர்கிறதோ அதுவே பெரிதாகத் தெரியும். உடலுக்குள் இருந்த விகிதம் கலைந்துவிடும்.

இதைவிடப் பெரிய பொறி ஒட்டுண்ணியே வைத்திருப்பது. டிரான்ஸ்-சியாலிடேஸ் என்ற புரதக் குடும்பத்துக்கு மட்டும் அதனிடம் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரபணுக்கள் உள்ளன. எலிகளில் தொற்று உச்சத்தில் இருக்கும்போது, கொல்லும் டி செல்களில் சுமார் 30 சதவீதம் இந்தக் குடும்பத்தின் ஓரிரு துண்டுகளையே குறிவைத்து நின்றன. தடுப்பூசிக்கு இதைவிட நல்ல இலக்கு வேறென்ன என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தத் துண்டுகளைப் பொருட்படுத்தாதபடி எலிகளைப் பழக்கிய பிறகும் அவை தொற்றைக் கட்டுக்குள் வைத்தன. படையின் பெரும்பகுதி குவிந்த இடம் போர் முடிவாகும் இடமாக இருக்கவில்லை. அத்தனை நகல்களும் டி செல்களைத் திசைதிருப்பத்தானோ என்ற ஐயம் எழுவது இயல்பு.

எனவே புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்து இலக்குகளுக்கு முதலிடம், இரண்டாமிடம் கொடுப்பதை நான் நம்புவதில்லை. குழியில் நாம் இட்டது செயற்கைத் துண்டு. தொற்று கண்ட இதயத் தசைச் செல் அதை உண்மையிலேயே ஏந்திக் காட்டுகிறதா என்பது வேறு கேள்வி. மூலக்கூறுகளை எடைபார்த்து அடையாளம் காணும் நிறைநிறமாலைமானி கொண்டு எச்எல்ஏ தட்டுகளிலிருந்து துண்டுகளைப் பிரித்துப் படிப்பது இதற்கு ஒரு வழி. இன்னும் நேரடியான வழி, ஒட்டுண்ணி குடியேறிய செல்லின் அருகே அந்த டி செல்லை விட்டு, தொற்று கண்ட செல் சாகிறதா என்று பார்ப்பது.