ஆல்பம்: இசைத்தொகுப்பு

'ஆல்பம்' என்னும் சொல், வெண்மையைக் குறிக்கும் 'அல்புஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. பண்டைய ரோமில் அரசாணைகளையும் பெயர்ப் பட்டியல்களையும் எழுதி ஊரார் பார்வைக்கு வைத்த வெள்ளை பூசிய பலகைக்கே முதலில் இப்பெயர் வழங்கியது. பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மானிய மாணவர்கள் நண்பர்களின் கையொப்பங்களைச் சேர்த்து வைத்த ஏட்டுக்கும், பின்னர் அஞ்சல்தலைகளையும் புகைப்படங்களையும் ஒட்டும் ஏட்டுக்கும் அது பெயராயிற்று.

நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிட இசையே அடங்கும் என்பதால், நீண்ட இசையைப் பல தட்டுகளில் பதிந்து, உறைகளில் இட்டு, புகைப்பட ஏட்டைப் போலவே கட்டி விற்றார்கள். 1948இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேரம் ஓடும் தட்டை வெளியிட்டதும் அந்தக் கட்டுக்குத் தேவை குறைந்தது, பெயர் நிலைத்துவிட்டது. ஆகவே இசைத்தட்டு, இறுவட்டு ஆகிய சொற்கள் ஆல்பத்துக்கு ஈடாகமாட்டா. அவை பாடலைத் தாங்கும் பொருளைக் குறிப்பவை, ஆல்பமோ சேர்க்கப்பட்ட பாடல்களைக் குறிப்பது. எட்டுத்தொகையைத் தந்த 'தொகு' என்னும் வேரிலிருந்து வரும் 'இசைத்தொகுப்பு' என்பதே பொருத்தமான சொல்.

நாட்டார் பாடலையும் ராக் இசையையும் இணைத்த லாஸ் ஏஞ்சலஸ் குழுவான 'தி பேர்ட்ஸ்', 1965 ஜூன் மாதம் வெளியிட்ட 'மிஸ்டர் டாம்பரின் மேன்' இப்பொருத்தத்தை நன்கு காட்டும். அதிலுள்ள பன்னிரண்டு பாடல்களில் நான்கு பாப் டிலன் எழுதியவை, ஐந்து, குழுவின் ஜீன் கிளார்க் தனியாகவோ சக உறுப்பினர் மெக்வினுடன் சேர்ந்தோ எழுதியவை, எஞ்சியவை பிறருடையவை. பலர் இயற்றியவற்றை மெக்வினின் பன்னிரு தந்தி ரிக்கன்பேக்கர் கிட்டாரின் மணியொலியும் அடுக்குக் குரல்களும் ஒரே தொகையாக இணைக்கின்றன. தொகுத்தல் என்பதும் ஒரு படைப்புச் செயல்தான் என்று நான் உறுதியாக நம்புவதற்கு இத்தகைய தொகுப்புகளே காரணம்.

இதனை 'அறிமுக ஆல்பம்' என எழுதுவோர் உண்டு. ஆனால் இதே தலைப்புப் பாடல் ஏப்ரல் மாதமே தனியாக வெளிவந்து, பின்னர் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்ததால், குழுவைக் கேட்போருக்கு அறிமுகப்படுத்தியது அந்தப் பாடலே. அதற்கு முன்பே அவர்கள் மேடையேறிப் பாடி வந்ததால் 'அரங்கேற்றம்' என்பதும் பொருந்தாது. 'முதல் இசைத்தொகுப்பு' என்று எழுதினால் குழப்பமில்லை.

தமிழில் திரைப்படம் சாராத ஒற்றைப் பாடலையும் 'ஆல்பம் பாடல்' என்று சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தொகுப்பு என்பது சொல்லின் பொருளுக்கே முரணானது. அதற்குத் 'தனிப்பாடல்' என்ற பழைய சொல் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது.