சிறுகுடலில் இடம் மாறிப் பெருகும் பாக்டீரியாக்கள்

பெருங்குடலில் ஒரு கிராம் கழிவுக்குப் பத்தாயிரம் கோடி என்ற அளவில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. சிறுகுடலின் முற்பகுதியிலோ, ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் அவை பெரும்பாலும் ஆயிரத்தைக்கூட எட்டுவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வு குலைந்து சிறுகுடலில் அவை மண்டிப்போவதையே சிறுகுடல் பாக்டீரியா மிகைப்பெருக்கம் என்கிறோம். நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பிரித்துப் பேசும் விளம்பரங்கள் இங்கே அதிகம் உதவா. பெருங்குடலில் தொல்லையின்றி வாழும் இனங்களே மேலேறி வந்து நோயைத் தருகின்றன.

இரைப்பை அமிலமும் பித்தநீரும் அவற்றை ஓரளவு அழித்தாலும், முதன்மையான காவல் குடலின் அசைவுதான். வயிறு காலியாக இருக்கையில், ஏறத்தாழ 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒருமுறை வலுவான சுருக்க அலையொன்று சிறுகுடல் வழியே இறங்கி, எஞ்சிய துணுக்குகளையும் பாக்டீரியாக்களையும் பெருங்குடலை நோக்கிக் கூட்டித் தள்ளுகிறது. ஏதேனும் சாப்பிட்டவுடன் அது நின்றுவிடும். 1969-இல் ஷுர்ஷெவ்ஸ்கி என்ற ஆய்வாளர் இதை நாய்களின் குடலில் மின் அலையாகப் பதிவு செய்தார். 1977-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த வான்ட்ராப்பன் குழுவினர், மிகைப்பெருக்கம் உள்ள சிலரிடம் இந்த அலையே இல்லை என்று காட்டினர். நீண்டகாலச் சர்க்கரை நோயால் குடல் நரம்புகள் பழுதடைந்தாலும், அறுவைச் சிகிச்சைக்குப் பின் உணவு தேங்கும் குடல் வளைவு எஞ்சினாலும் இதே நிலைதான்.

தேங்கிய பாக்டீரியாக்கள், உடல் உறிஞ்சவேண்டிய மாவுச்சத்தை முந்திக்கொண்டு நொதிக்கச் செய்வதால் வாயு சேர்ந்து வயிறு உப்புகிறது. பித்த உப்புகளை அவை சிதைத்துவிடுவதால் கொழுப்பு கரையாமல், எண்ணெய்ப்பசையுள்ள மலமாக வெளியேறுகிறது. ரத்தப் பரிசோதனையில் தெரியும் தடயம் இன்னும் சுவையானது: பாக்டீரியாக்கள் வைட்டமின் பி12-ஐத் தாமே எடுத்துக்கொள்கின்றன, மற்றொரு பி வைட்டமினான ஃபோலேட்டையோ உற்பத்தி செய்கின்றன. எனவே பி12 குறைந்தும் ஃபோலேட் இயல்பாகவோ மிகுந்தோ காணப்பட்டால், அனுபவமுள்ள மருத்துவர் சிறுகுடலைச் சந்தேகிப்பார்.

சந்தேகத்தை உறுதிசெய்ய, 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கச் செய்து மூச்சை அளக்கிறார்கள். மனித உயிரணுக்கள் ஹைட்ரஜனை உண்டாக்குவதில்லை. ஆகவே 90 நிமிடங்களுக்குள் மூச்சில் அது பத்து லட்சத்தில் 20 பங்கோ அதற்கு மேலோ உயர்ந்தால், அது பாக்டீரியாக்களின் வேலையே. குளுக்கோஸ் சிறுகுடலின் முற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால், கடைப்பகுதியில் உள்ள பெருக்கம் இதில் தப்பிவிடக்கூடும்.

குடலுக்குள்ளேயே பெரும்பாலும் தங்கிவிடும் ரிஃபாக்சிமின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் எண்ணிக்கையைக் குறைக்கும். ஆனால் அசைவு சீராகாதவரை, மருந்தை நிறுத்திய சில மாதங்களில் பலருக்கு உப்புசம் திரும்புகிறது. அதனால்தான் சர்க்கரைக் கட்டுப்பாடும், அமிலத்தை அடக்கும் மாத்திரைகள் தேவைதானா என்ற மறுபரிசீலனையும் சிகிச்சையின் பகுதியாகின்றன.