நொதியம் இருக்கச் செரிப்பி எதற்கு?

கூட்டெரு விரைவில் ஆகட்டும் என்று போடுகிற தூள் பைக்கற் ஒன்றின் பின்பக்கத்தில் மும்மொழியிலும் விளக்கம் இருந்தது. தமிழில் இப்படி: "இதிலுள்ள பங்கசுக்கள் செரிப்பிகளைச் சுரந்து மாச்சத்தைச் செரிக்கின்றன." உயிர்களில் வேதி மாற்றங்களை விரைவாக்கும் என்சைமை நாம் நொதியம் என்போம். அதற்குப் பதிலாக வந்த இந்தச் செரிப்பி கொஞ்சக் காலமாகவே காதில் விழுந்துகொண்டிருக்கிறது. மொழிபெயர்த்த அறிவியல் காணொளிகளில் வருகிறது, வெள்ளவத்தையில் ஒரு ரியூசன் குறிப்பில் பார்த்தேன், இப்போது பசளைப் பைக்கும் வந்துவிட்டது. அந்த ஒரு வசனத்தில் தப்பியது பங்கசு மட்டும்தான். (பங்கசு என்றால் தமிழ்நாட்டு நண்பர்கள் சிரிப்பார்கள், பூஞ்சை என்பார்கள். சிரிக்கட்டும். பாணில் பிடிப்பது பூஞ்சணம். காளானையும் மதுவத்தையும் (ஈஸ்ற்) சேர்த்துச் சொல்ல ஒரு பொதுப்பெயர் வேண்டும், நமக்குப் பங்கசு போதும்.)

நொதியம் என்பது இலங்கைப் பாடநூல்களில் நெடுங்காலமாக வழங்கும் சொல். நொதித்தல் என்றால் புளித்துப் பொங்குதல். அதோடு 'இயம்' சேர்ந்து பெயராயிற்று. தமிழ்நாட்டில் நொதி என்றே விட்டுவிட்டார்கள், அதிலும் தவறில்லை. ஆனால் நொதி வினையாகவும் நிற்கும், நொதியம் பெயராக மட்டுமே நிற்கும் என்பதால் நம்முடையது ஒரு படி தெளிவு. ஆங்கிலச் சொல்லும் இதே வழியில் வந்ததுதான். 1870களில் ஜேர்மன் உடலியல் அறிஞர் வில்லெம் கூனே, 'மதுவத்துக்குள்' என்ற பொருள் வரும்படி கிரேக்கத்திலிருந்து என்சைம் என்ற பெயரை அமைத்தார். 1897இல் எடுவார்ட் பூக்னர் மதுவத்தை மணலோடு அரைத்துப் பிழிந்து, உயிருள்ள கலம் எதுவுமில்லாத அந்தச் சாற்றில் சீனியைப் போட்டு நொதிக்க வைத்துக் காட்டினார். 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மதுவமும் ஒரு பங்கசுதான். ஆக, பங்கசு செய்த வேலையைப் பார்த்துப் பிறந்த பெயர் இது. அதைப் பங்கசுவைப் பற்றிய வசனத்திலேயே தூக்கி எறிகிறார்கள்.

சரி, செரிப்பி ஏன் கூடாது? அது தூய தமிழ், பிள்ளைகளுக்கு உடனே விளங்கும் என்கிறார்கள். தூய்மையில் நொதியமும் குறைந்ததல்ல. விளங்குவதில்தான் சிக்கல்: செரிப்பி உடனே விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும். பொருள்களை உடைப்பது நொதியங்கள் பார்க்கும் வேலைகளில் ஒன்று மட்டுமே. கட்டுகிற நொதியங்களும் உண்டு. பங்கசுவின் கலச்சுவரில் கைற்றின் என்றொரு காபோவைதரேற்று இருக்கிறது. அதைத் தொடுத்துக் கட்டுவது ஒரு நொதியம். டி.என்.ஏ.யைப் பிரதி எடுப்பதும் நொதியம். இவற்றையும் செரிப்பி என்பதா? கட்டும் செரிப்பி என்று எழுத வேண்டிவரும். கொத்தனாரை உடைப்பான் என்று கூப்பிடுவது மாதிரி.

நொதியம் மட்டும் ஒழுங்கா, எல்லா நொதியமும் நொதிக்க வைக்கிறதா என்று யாராவது திருப்பிக் கேட்கலாம். கேள்வி சரிதான். சொல்லின் பிறப்பு ஒடுக்கமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்று நொதியம் என்றதும் யாருக்கும் கள் நினைவுக்கு வருவதில்லை. பழக்கத்தில் அந்தப் பழைய பொருள் தேய்ந்து, சொல் பொதுப்பெயராகிவிட்டது. செரிப்பி அப்படித் தேயவில்லை, கேட்டவுடன் வயிறுதான் நினைவுக்கு வரும். பங்கசுவுக்கு வயிறே கிடையாது.

அது சாப்பிடும் விதத்தை ஒரு பாண் துண்டிலேயே பார்க்கலாம். மழைக்காலத்தில் பையோடு மறந்துபோன பாணில் முதலில் வெள்ளை நூல்கள் படரும். பிறகு குண்டூசித் தலை மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் நிற்கும். அவை வித்திகள் நிறைந்த பைகள், பெரும்பாலும் ரைசோபஸ் என்ற பங்கசுவினுடையவை. நூல்களின் நுனியிலிருந்து அமிலேசு என்ற நொதியம் வெளியே, பாணின் மேலேயே சுரக்கும். பாணில் உள்ள மாப்பொருள் குளுக்கோசு அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி, அப்படியே கலச்சுவரைத் தாண்டி உள்ளே போகாது. அமிலேசு பிணைப்புக்கு ஒரு நீர் மூலக்கூறு வீதம் செலவிட்டு அதை அறுக்கும். நீர்ப்பகுப்பு என்று நம் புத்தகங்கள் சொல்வது இதைத்தான். வெளியே சீனியாகிக் கரைந்ததை நூல்கள் உறிஞ்சிக்கொள்ளும். நாம் விழுங்கிவிட்டுச் செமிக்க வைக்கிறோம், பங்கசு வெளியிலேயே பகுத்துவிட்டு உள்ளே எடுக்கிறது. பாடநூல் இதைப் புறக்கலச் சமிபாடு என்கிறது. அதோடு எனக்குச் சண்டையில்லை, 'புறக்கல' என்ற முன்னொட்டு விடயத்தைச் சொல்லிவிடுகிறது. மொட்டையாகச் 'செரிக்கின்றன' என்பதுதான் உதைக்கிறது. 'பகுக்கின்றன' என்றால் முடிந்தது.

அடுத்தது மாச்சத்து. காபோவைதரேற்று என்று வரவேண்டிய இடத்தில் அதைப் போட்டிருக்கிறார்கள். மாப்பொருள் காபோவைதரேற்றுக்களில் ஒரு வகை மட்டுமே. கூட்டெருக் குவியலில் கிடக்கும் வாழைச்சருகிலும் பேப்பரிலும் மரத்தூளிலும் பெரும்பகுதி செலுலோசு. அதுவும் குளுக்கோசுச் சங்கிலிதான், பிணைப்பின் திசை மட்டும் வேறு. அந்த வித்தியாசத்தால் நமது அமிலேசு அதைத் தொடாது. பங்கசுவிடம் செலுலேசு என்ற நொதியக் கூட்டம் இருக்கிறது. ஒன்று சங்கிலியை நடுவில் வெட்டும், இன்னொன்று நுனியிலிருந்து இரண்டிரண்டு அலகாகக் கழற்றும், மூன்றாவது அந்த இரட்டையைப் பிரித்துக் குளுக்கோசாக்கும். இரண்டாம் உலகப் போரில் சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களை உக்க வைத்த டிரைக்கோடெர்மா என்ற பங்கசு இதில் கைதேர்ந்தது. இன்று ஜீன்ஸ் துணியை வெளுக்கச் செய்யும் 'என்சைம் வோஷ்' அதே வகை நொதியத்தால்தான் நடக்கிறது. ஆடைத் தொழிற்சாலையில் போய் அதைச் 'செரிப்பிக் கழுவல்' என்று சொல்லிப் பாருங்கள்.

மரத்தூளில் இன்னொன்றும் இருக்கிறது. இங்கே சிப்பிக் காளானை இறப்பர் மரத்தூளில் தவிடு கலந்து வளர்க்கிறார்கள். செலுலோசைச் சுற்றி இலிக்னின் என்ற கெட்டியான பொருள் இருக்கும். அது காபோவைதரேற்றே இல்லை. காளான் அதையும் நொதியங்களால் உடைக்கும், ஆனால் உணவாக அதிலிருந்து பெறுவது பெரிதாக ஒன்றுமில்லை. செலுலோசுக்குப் போக வழி திறக்கிறது, அவ்வளவுதான். இதற்கும் செரிப்பி என்று பெயர் வைத்தால் யார் எதைச் செரித்தார்?

மூலம் எதுவென்று ஊகிக்கக் கஷ்டமில்லை. ஆங்கிலத்தில் வயிற்றுக்கும் சாணக்குழிக்கும் கூட்டெருவுக்கும் 'டைஜெஸ்ட்' என்ற ஒரே வினைச்சொல்தான். மொழிபெயர்ப்பவர் அகராதியின் முதல் வரியை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார். குவியலுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிப்பதில்லை. கொழும்பில் தமிழ்ப் பகுதி எப்போதும் கடைசியாக, அச்சுக்குப் போகும் நாளில்தான் கேட்கப்படும் என்பதும் எனக்குத் தெரியும். அதற்காகப் புதுச்சொல் வேறு உண்டாக்க வேண்டுமா? அவசரத்தில் இருப்பவருக்குப் பாடநூல் சொல்லை எடுப்பதுதானே இலகு.

இதே ரகத்தில் நொதியத்துக்குச் 'செரிமான அமிலம்' என்றும் ஒரு பெயர் உலாவுகிறது. அதற்கு அமிலேசு என்ற நம் எழுத்துப்பெயர்ப்பும் கொஞ்சம் காரணமாக இருக்கலாம். அதிலுள்ள 'அமில்' மாப்பொருளுக்கான இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது, அமிலத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. நொதியங்கள் புரதங்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய சில விதிவிலக்குகள் நீங்கலாக. 'அமைலேசு' என்று எழுதினால் அந்தக் குழப்பமாவது குறையும், உச்சரிப்புக்கும் கிட்ட வரும். அடுத்த பதிப்பில் பாடநூல்காரர்கள் இந்த ஓர் எழுத்தை மாற்றலாம், நொதியத்தில் கைவைக்க வேண்டாம்.